சீரமும் சீரகமும்

திருப்பாலைக்குடி
12-8-1958

பூதக்கண்ணாடிக்குள் கண்ணைவிட்டு உட்கார்ந்திருக்கும் அன்புக் காக்கா முஹைதீனுக்குத் தங்கை காலிதா ஸலாம் சொல்லி எழுதுவது. உம்மா நலம். வாப்பா நலமில்லை. அதில் முக்கால் பங்கு என் வேலை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்தபோது வாப்பாவின் ரத்தத்தை எடுத்துச் சென்னைக்கு, உங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனீர்களே, அதைப் பற்றிய கடிதம் கிடைத்தது. வழக்கம்போல நான்தான் வாசித்தேன். வாப்பாவின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிநீரான சீரத்தில் விட்டதும் சீதபேதி அமீபாக்கள் கால் நீட்டாமல் சுருண்டன, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்று எழுதியிருந்தீர்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். நடுவில் ஒரு ‘க’வைச் சொருகிச் சீரகம் என்று வாசித்தேன். சிரிப்பார்கள் என்று பார்த்தால், அடுத்த வரியில் நீங்களே அது மஞ்சள் தண்ணீர் போல இருக்கும் என்று எழுதித் தொலைத்திருக்கிறீர்கள்! உம்மா அப்போதே அடுப்பங்கரைக்குப் போய்ச் சீரகத்தையும் மஞ்சளையும் கொதிக்கவிட்டார்கள்.

வாப்பாவுக்குக் கொண்டாட்டம். “மவனே பாத்துச் சொல்லிட்டான், இனி எதுக்கு ஊசி?” என்று தொண்டிக் கம்பவுண்டரிடம் போவதை நிறுத்திவிட்டார்கள். பத்தில் நாலு ஊசிதான் ஆகியிருக்கிறது. ஒரு வாரமாகக் கஷாயம். நேற்றிலிருந்து மறுபடி சீதமும் ரத்தமும், காய்ச்சலும். வலது விலாவுக்குக் கீழே கை வைக்க விடவில்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை காக்கா. உங்கள் கண்ணாடியில் அடங்கிய அமீபா, அதே சீரம் ஓடுகிற வாப்பாவின் உடம்புக்குள் ஏன் அடங்கவில்லை? சில அமீபாக்கள் கொஞ்ச நேரத்தில் மறுபடி ஊர்ந்தன, ஏனென்று எங்களுக்கும் குழப்பம், ஊசியை நிறுத்த வேண்டாம் என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். அதற்குள் உம்மா எழுந்து போய்விட்டதால் அந்த வரிகளை நான் வாசிக்கவே இல்லை.

உண்மையைச் சொன்னேன். அழுதும் சொன்னேன். “ஏ புள்ள, போன மாசம் கடல்ல வத்தை கவுந்துருச்சுன்னு இப்பிடித்தான பொய்யா அழுத? போ அங்கிட்டு” என்றார்கள் உம்மா. கடிதத்தைக் காட்டி என்ன பயன்? உம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. வாப்பாவுக்கு அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ்தான் ஓடும். தமிழ் வாசிக்கும் பக்கத்து வீட்டுக் காதர் மைதீன் மாமா கொழும்பில் இருக்கிறார்.

ஆகையால் நீங்கள் ஓதப்பள்ளியில் படித்த அரபுத் தமிழில், பெரிய எழுத்தாக, ஊசி போடுங்கள் என்று வாப்பாவுக்கே எழுதுங்கள். நடுவில் நான் வேண்டாம். லீவு கிடைத்தால் கடிதத்துக்குப் பதில் நீங்களே ரயிலேறி வாருங்கள்.

வாப்பா எழுந்து வந்து என் காதைத் திருகுகிற தெம்பை அல்லாஹ் கொடுக்கட்டும். இரண்டு காதையும்.

தங்கை,
காலிதா