டைரக்டரியில் ஒரு டன்கெல்வி

மெட்டுகுடா
14-7-1974

அநேக நமஸ்காரம். ராஞ்சி டிரெய்னிங்கில் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

ஸ்காட்லாந்திலிருந்து ஒரு கிழவர் எழுதியிருக்கிறார். அவர் குடும்பப் பெயர் டன்கெல்வி. ஏதோ தீவில் பிறந்த பெயராம். இன்று உலகத்திலேயே முப்பத்தொரு வீடுகளில்தான் இருக்கிறதாம். அதில் ஒன்று நம் வீடு. ஹைதராபாத் டெலிபோன் டைரக்டரியில் கண்டுபிடித்தாராம்.

நான் நம்பவில்லை. நமக்கு முன் இங்கே குடியிருந்த மிஸ் டன்கெல்வியின் பெயரிலேயே போனை வைத்திருக்கிறோமே, அதை மோப்பம் பிடிக்க டெலிபோன் ஆபீஸில் எவனோ செய்த வேலை என்று நினைத்தேன். ஸ்டாம்பைக்கூட வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.

எதிர்வீட்டு பாமா, "எதுக்கு வம்பு? போன் போச்சுன்னா புதுசுக்கு எட்டு வருஷம் காத்துக் கெடக்கணும்" என்றாள். மிஸ் டன்கெல்வி இறந்துவிட்டார், வாரிசு இல்லை என்று பதில் எழுதிவிட்டேன்.

நேற்று மிஸ் டன்கெல்வி முதியோர் இல்லத்திலிருந்து வழக்கம்போலக் குடையோடு வந்தார். "எனக்கு யாராவது லெட்டர் போட்டாங்களா?" என்று கேட்டார். மாதாமாதம் கேட்பதுதான். இல்லை என்றேன். காபியை முழுதும் குடிக்காமல் போய்விட்டார்.

ஸ்காட்லாந்துக் கிழவர் இதற்குள் முப்பத்தொன்றை முப்பது என்று திருத்தியிருப்பார்.

போன் நன்றாக வேலை செய்கிறது. நீங்கள் கூப்பிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி