பின் சீட்டுக்கு ஒரு ஆள்

மே 14, புதன்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. காலையில் கூட்டிய முற்றத்தில் பத்து மணிக்கே திரும்பவும் மணல். மீன்காரன் வரவில்லை. முட்டை பொரித்துப் பாணோடு சாப்பாட்டை முடித்தாயிற்று.

புத்தளம் போய் கிளினிக்கில் பிரஷர் குளிசை எடுத்து வந்தேன். திரும்பும்போது பாலாவி தாண்டிய நேர் ரோட்டில், எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் திரும்பவும் நடுங்கியது. எண்பத்தைந்தில் நன்றாகவே நடுக்கம். அதற்கு மேல் போய்ப் பார்க்கத் தைரியம் இல்லை. எழுபதுக்கு இறங்கினால், ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி ஓடுகிறது.

பின்னேரம் மிலானோவிலிருந்து மகன் ஜூட் போன் எடுத்தான். சொல்லியிருக்கக் கூடாது. என் வாய் சும்மா இருக்காதே.

"அம்மா, அது கார் இல்ல. உங்கட கை. போன முறை வந்தப்ப நீங்க கோப்பை புடிக்கிறத பார்த்தேன்தானே. காரை வித்துடுங்க. எங்கயும் போகணும் எண்டா த்ரீவீல் புடிங்க."

ஆஸ்பத்திரியில் எத்தனை ஆயிரம் பேருக்கு ஊசி போட்ட கை இது. அவனுக்கும் போட்டிருக்கிறேன், கத்திக் கொண்டு ஓடினான். அதைச் சொல்ல நினைத்தேன்.

உண்மையை எழுதினால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள். பயமாக இருக்கிறது. என் அப்பாவுக்கும் இந்த வயதில்தான் கை நடுங்கத் தொடங்கியது. கடைசியில் சட்டைப் பொத்தானைக் கூடப் பிறர்தான் போட்டுவிட வேண்டியிருந்தது. கார் என்றால் திருத்தலாம். கை என்றால் கார் போகும். கார் போனால் முந்தலில் இந்த வீடும் நானும் பிரிட்ஜ் இரைச்சலும்தான்.

மே 15, வியாழன்

காற்று அதே. மதுரங்குளியில் பாயிஸின் கராஜ். பக்கத்துக் கனமூலை ஊர்ப் பையன். பையன் என்ன, நாற்பதைத் தாண்டிவிட்டான். அவன் பிறந்த அன்று வார்டில் டியூட்டித் தாதி நான். அதனால் எனக்கு என்றைக்கும் பையன்தான்.

"பிரேக் அடிக்கக்குள்ளயா மிஸ்ஸி நடுங்குது?"

இல்லை.

"எக்ஸிலேட்டர மிதிக்கக்குள்ளயா?"

காலை எடுத்தாலும் நடுங்குது, வேகம் குறையுமட்டும் நடுங்குது என்றேன்.

"அப்ப எஞ்சின் இல்ல. சில்லுப் பக்கம்தான்."

கேள்வி கேட்கும் முறை பிடித்திருந்தது. எங்கள் டொக்டர்மார் சிலர் இந்தளவு கேட்பதில்லை.

அவனே ஓட்டிப் பார்த்தான். நான் பக்கத்தில். முன்னால் தேங்காய் லொறி ஒன்று, வழி விடவே இல்லை. அறுபதைத் தாண்ட முடியவில்லை. "ஒண்டும் தெரியல்லயே மிஸ்ஸி" என்று மெதுவாகச் சொன்னான். என் கையை ஒருதரம் பார்த்த மாதிரி இருந்தது. பார்த்தானோ, நான்தான் நினைத்தேனோ.

ஸ்டியரிங்கில் தெரிகிறது என்றால் அநேகமாக முன் சில்லு என்று, முன் சக்கரம் இரண்டையும் கழற்றி பேலன்ஸ் பண்ணினான். சின்ன ஈயத் துண்டுகள் தட்டி வைத்தான். வெளியே ஆட்கள் வரிசை. அனுப்பும்போது சொன்னது:

"இன்னும் நடுங்கினா, பின் சீட்டுல யாரையாச்சும் இருத்திட்டு ஓடிப் பாருங்க. கையில மட்டும் தெரிஞ்சா முன் சில்லு. பின்னால இருக்கிற ஆளுக்கும் தெரிஞ்சா பின் சில்லு. சும்மா வீட்டுல ஒரு ஆளக் கூட்டிட்டுப் போங்களேன்."

வீட்டில் ஒரு ஆள். சுகமாகச் சொல்லிவிட்டான்.

மே 17, சனி

நடுக்கம் போகவில்லை. பாலாவி வரை போய்த் திரும்பினேன். இரண்டு தரம்.

நோயாளி: வெள்ளைக் கார். வயசாளி.
முறைப்பாடு: 80க்கு மேல் நடுக்கம்.
பசி: நல்லம். பெற்றோல் வழமை போல்.
சத்தம், சூடு, மணம்: இல்லை.
சிகிச்சை: முன் சில்லு பேலன்ஸ். பலன் இல்லை.

நோயாளி: நான்.
பரிசோதனை: கையை நீட்டி, விரல்களின் மேல் வெறும் கடதாசி ஒன்று. வார்டில் எத்தனை பேருக்குச் செய்திருப்பேன். கடதாசியின் ஓரம் அசைந்தது. ஜன்னல் திறந்திருந்தது, காற்று. ஜன்னலைச் சாத்தினேன். கொஞ்சம் அசைந்தது. சாயத் தேத்தண்ணீர் கடுமையாகக் குடித்திருந்தேன். இரவு நித்திரையும் சரியில்லை. நோயாளிகள் சொல்லும் சாக்கு எல்லாம் எனக்கும் ஒழுங்காக வாய்க்கு வருகிறது.

பின் சீட்டில் தண்ணீர்ப் போத்தலை வைத்து ஓடினேன். தண்ணீர் ஆடியது. எங்கள் ரோட்டில் தண்ணீர் ஆடாமல் இருந்தால்தான் புதினம். ஒரே விரலால் ஸ்டியரிங்கைப் பிடித்தும் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. நடுங்குவது அதுவா நானா என்று, உள்ளே தனியாக இருந்து கொண்டு கண்டுபிடிக்க முடியாது. கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும்.

மே 18, ஞாயிறு

பூசை. பிரசங்கம் நீளம். நான் முழு நேரமும் ஆட்களின் பிடரியைப் பார்த்து, யாரைக் கேட்கலாம் என்று யோசித்தபடி. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

1. ரீட்டா, பக்கத்து வீடு. கார் கதவைத் திறந்தாலே வாந்தி.
2. பாட்டுக்குழு பிலோமினா. வாசலில் வைத்துக் கேட்டேன். "எண்பதுலயா? ஐயோ மிஸ்ஸி, பிள்ளைகள் ஏசுவாங்க. உங்களுக்கேன் இந்த வேலை?"
3. பாதர். கேட்க வெட்கம்.
4. இவர், ஜூட்டின் அப்பா. போய்ச் சேர்ந்து இரண்டு வருசமாகப் போகிறது. இருந்திருந்தாலும் சீட்டில் ஏறியதும் குறட்டை விட்டிருப்பார். ஆனாலும் எழுப்பிக் கேட்டிருப்பேன்.

வேறு பெயர் வரவில்லை. வார்டில் ஒரு பக்கம் நடந்தால் பத்துக் கட்டிலிலிருந்து மிஸ்ஸி, மிஸ்ஸி என்று கூப்பிடுவார்கள். எரிச்சலில், என்ட பேரையே மாத்தப் போறேன் என்று கத்தியிருக்கிறேன். இப்போது ஐந்து நிமிடம் பின்னால் ஏறி இருக்க ஒரு ஆள் இல்லை.

பகல் சோறு, பருப்பு, கருவாடு. அரைவாசி மிச்சம். காகத்துக்கு.

மே 20, செவ்வாய்

பொலிஸ் மறித்தது. எண்பதைத் தொட்டால்தான் நோய் தெரியும், எண்பதைத் தொட்டால் பொலிஸுக்கும் தெரியும். இளம் பொடியன், சிங்களத்தில், "நோனா, ஹெமின் யன்ட" என்றான். மெதுவாகப் போறேன் மகன் என்றேன் நானும் சிங்களத்தில். ஏன் இந்த அவசரம் என்று கேட்டான். உண்மையைச் சொல்லி, கொஞ்சம் பின்னால் ஏறிப் பாரேன் என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. நல்ல வேளை, விட்டுவிட்டான்.

ஜூட் வட்ஸ்அப்பில்: காரை வாங்க ஒரு ஆள் இருக்கு, சிலாபத்தில், மாதக் கடைசியில் வந்து பார்ப்பாராம். கேட்காமலே ஆளையும் பிடித்துவிட்டான். கீழே பூப்படம் வேறு.

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மே 23, வெள்ளி

கிடைத்தது. ஆள்!

காலையில் சிலாபம் சந்தைக்கு. பத்துளு ஓயா பஸ் ஹோல்டில் ஒரு பெண், என் வயதிருக்கும், கையில் அர்ச்சனைத் தட்டும் பையும். காற்றுக்குச் சேலையைப் பிடிக்கவா தட்டைப் பிடிக்கவா என்று திண்டாடுகிறாள். நிறுத்தினேன். உடப்பு ஊராம். முன்னேஸ்வரம் கோயிலுக்குப் போகிறாளாம், வெள்ளி தவறாமல்.

"ஏறுங்க, சிலாபம் வரைக்கும் விடுறேன். பின்னால இருங்க."

"முன்னுக்கு இடம் இருக்கே?"

"பின்னால இருங்க," என்றேன், வார்டுக் குரலில். ஏறிவிட்டாள்.

நடுக்கத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. 'இங்கே நோகுதா' என்று கேட்டால் நோயாளி ஓம் என்றுதான் சொல்வார். தானாகச் சொன்னால்தான் கணக்கு.

பாலம் தாண்டும் முன்னே கண்ணாடியில் என்னை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க பிரசவ வார்டு மிஸ்ஸிதானே? எனக்கு ஏசினீங்க."

எனக்கு ஞாபகமே இல்லை. ஏசியிருப்பேன். யாருக்குத்தான் ஏசவில்லை.

"எதுக்கு ஏசினேன்?"

"வலி வந்து ரெண்டு நாளைக்குப் பிறகு வந்தேன் எண்டு. நல்லா ஏசினீங்க. பிறகு விடியுமட்டும் என் கையப் புடிச்சிட்டு நிண்டதும் நீங்கதான்." சிரித்தாள். "அந்தப் பிள்ளை இப்ப கத்தார்ல."

பெயர் பாக்கியம். மனுசன் உயிரோடு இல்லை. மகன்மார் இருவரும் வெளிநாடு. வெள்ளி தவறாமல் போவது நேர்த்திக்கா என்று கேட்டேன்.

"நேர்த்தியும்தான். வீட்டுல கதைக்க ஆளில்ல மிஸ்ஸி. பஸ்ஸுல கதைக்கலாம் எண்டா பெரிசாப் பாட்டுப் போடுறான். கோயில்ல கதைக்கக் கூடாது."

நேர் ரோடு. முன்னால் ஒன்றும் இல்லை. எழுபது. எண்பது. ஸ்டியரிங் தொடங்கிவிட்டது. நான் ரோட்டைப் பார்த்தபடி. எண்பத்தைந்து.

"மிஸ்ஸி, இதென்ன, கீழால நடுங்குது? இடுப்பு வரைக்கும் ஏறுதே."

காரை ஓரம் கட்டினேன். அழுகை வந்துவிட்டது. அவள் பயந்து போனாள். எல்லாம் சொன்னேன், கையை, அப்பாவை, ஜூட்டை, கடதாசியை. முன்பின் தெரியாத மனுசியிடம். கேட்டுக் கொண்டிருந்துவிட்டு, தட்டை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.

"இன்னொருக்கா ஓடுங்க பாப்பம். இப்ப சரியாப் பாக்கிறேன்."

ஓடினேன். உள்ளங்கை இரண்டையும் சீட்டில் ஊன்றிக் கொண்டு, "இடது பக்கம் கூட" என்று தீர்ப்புச் சொன்னாள்.

முன்னேஸ்வரம் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். சந்தையில் வாங்க நினைத்தது எல்லாம் மறந்து போனது.

மே 24, சனி

பாயிஸ் பின் இடது சில்லைக் கழற்றினான். டயரின் உள்பக்கம், வெளியே நின்று பார்த்தால் தெரியாத இடத்தில், முட்டை அளவு வீக்கம். உள்ளே கம்பி பிரிந்திருக்கிறதாம். பேலன்ஸ் பண்ணியும் பிரயோசனம் இல்லை, டயரையே மாற்ற வேண்டும்.

"மிஸ்ஸி, இது ஓட்டத்துல வெடிச்சிருந்தா... அல்லாஹ்தான் காப்பாத்தினான்."

அந்தச் சில்லுக்கு மேல்தான் பாக்கியத்தை இருத்தி எண்பத்தைந்தில் ஓடியிருக்கிறேன்.

தடவிப் பார்த்தேன். வீக்கம்தான். வீக்கத்தைத் தடவிச் சந்தோசப்பட்ட முதல் தாதி நானாகத்தான் இருப்பேன். என் கை இல்லை. அப்பாவின் கை இல்லை. டயர்!

புது டயர் போட்டு அவனே தொண்ணூறு வரை ஓட்டினான். நான் பின் சீட்டில். பாய் விரித்த மாதிரி ஓடியது.

கராஜில் நின்றபடியே ஜூட்டுக்கு எடுத்தேன். "டயர்டா! டயர்தான்! கை இல்ல!"

"ஆ, நல்லம் அம்மா. வேலைல நிக்கிறேன். பிறகு எடுக்கிறேன்."

எடுக்கவில்லை. காரை வாங்க வர வேண்டாம் என்று அந்த ஆளுக்குச் சொல்லும்படி நானே எழுதி அனுப்பினேன். பூப்படம் போடவில்லை.

மே 27, செவ்வாய்

காற்று கொஞ்சம் அடங்கல். புத்தளம் போய் வந்தேன், தேவை ஒன்றும் இல்லாமல். கார் மூச்சு விடவில்லை. அவ்வளவு அமைதி. ரேடியோவைப் போட்டேன். நிறுத்தினேன்.

கடதாசிப் பரிசோதனை: அசையவில்லை. நன்றாகத்தான் இருக்கிறேன். சந்தோசம் வர வேண்டும். ஒரு நாள் இருந்தது, பிறகு இல்லை. இத்தனை நாளும் எழும்பினால் ஒரு வேலை இருந்தது, கண்டுபிடிக்க ஒன்று, கோபிக்க ஒன்று.

பாயிஸுக்கு எடுத்து, எல்லாம் நல்லம் என்றேன்.

"அப்ப இனி நீங்க வரத் தேவை இல்ல மிஸ்ஸி," என்றான், சந்தோசமாக.

காய்ச்சல் சுகமாகியும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் கட்டிலில் கிடந்த மனுசிகளை, இது என்ன ஹோட்டலா என்று விரட்டியிருக்கிறேன். இன்றைக்கு அவர்களை நினைத்துக் கொண்டேன்.

இரவுக்குப் பாண், சம்பல்.

மே 30, வெள்ளி

சிலாபத்தில் வாங்க ஒன்றும் இல்லை. சந்தைப் பையை எடுத்துக் கொண்டேன்.

பத்துளு ஓயா. தூரத்திலேயே பஸ் தெரிந்தது, சிலாபம் பஸ், ஹோல்டில் நின்று, பாதி காலியாக, புறப்பட்டது. போய்விட்டாள் என்று நினைத்தேன். பஸ் விலகியதும் பாக்கியம் அங்கேயே நின்றாள், தட்டோடு.

நிறுத்தினேன். அவளே பின் கதவைத் திறந்து ஏறினாள்.

கதைத்தோம். கத்தார் வெயில், மிலானோக் குளிர், மீன் விலை. உடப்பில் ஒரு கலியாண வீட்டில் சோறு குழைந்ததை அவள் சொல்ல, சிரித்துச் சிரித்து எனக்கு இருமல்.

நேர் ரோடு. இருவரும் பேச்சை நிறுத்தினோம். எழுபது. எண்பது. தொண்ணூறு. ஸ்டியரிங் கையில் சும்மா கிடந்தது. கண்ணாடியில் பார்த்தேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கை இரண்டையும் சீட்டில் ஊன்றி, கண்ணை மூடியபடி அவள்.

டயர் மாற்றியாயிற்று என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இன்னும் கொஞ்சம் நடுங்குதோ?" என்றேன்.

கையை எடுத்து, வேறிடத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஓம் மிஸ்ஸி. இருக்கு. போன கிழமை அளவுக்கு இல்ல. ஆனா இருக்கு. வாற வெள்ளியும் ஒருக்கா ஓடிப் பாத்தாத்தான் தெரியும்."