அக்காவைத் தொடாத நாட்கள்

4 மார்ச் 2025, செவ்வாய்

கணக்குப் பரீட்சை சுமார். கீழ்பென்னாத்தூரிலிருந்து அருணா அக்கா வந்துவிட்டாள். ஏழாம் மாதம். திங்கட்கிழமை நம் வீட்டில் வளைகாப்பு.

போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். உடம்பு கதகதவென்று இருக்கிறது. குளிக்கும்போது வயிற்றில் ஒரு கொப்புளம். தண்ணீர்ச் சொட்டு என்று துடைத்தேன். போகவில்லை.

5 மார்ச்

மார்பில், முதுகில், காதுக்குப் பின்னால். சிலது சிவப்புப் புள்ளி, சிலதில் தண்ணீர். ஒரே அரிப்பு. பக்கத்து சீட் கீர்த்தனாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததாம். நெற்றியில் கறுப்புத் தழும்போடு இப்போதுதான் பள்ளிக்கு வந்திருக்கிறாள்.

அம்மைதான்.

சொன்னால் வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள். எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. அம்மாவோ முறுக்கு மாவு அரைத்து வைத்திருக்கிறாள். அக்காவின் வளைகாப்பு என்னால் நிற்கவா?

6 மார்ச்

அக்காவைத் தொடாமல் இருந்தால் போதும். தட்டு, துண்டு எல்லாம் தனி.

"மதி, ஓடியா, உதைக்குது பாரு" என்று வயிற்றைக் காட்டினாள். கை ஈரம் என்று நகர்ந்துவிட்டேன்.

"இன்னாடி, தொட்டா தேஞ்சா பூடுவே? திமிரு ஜாஸ்தி ஆயிடுச்சு உனக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்புறம் என்னைக் கூப்பிடவேயில்லை.

7 மார்ச்

கீர்த்தனா அறிவியல் மிஸ்ஸிடம் கேட்டாள், அம்மை எப்படி ஒட்டுகிறது என்று. மூச்சுக்காற்றிலேயே பரவுமாம். கொப்புளம் கிளம்புவதற்கு முன்னாலேயே. மாசமா இருக்கறவங்க பக்கத்துல போகவே கூடாது என்றார்.

மூன்று நாளாக ஒரே ரூமில்தானே படுக்கிறோம்! தொடலன்னா போதும்னு நெனச்சேனே — ஐயோ, பாப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?

8 மார்ச், சனி

காலையில் சொல்லிவிட்டேன். சட்டையைத் தூக்கிக் காட்டினேன். அம்மா அடுப்பை அணைத்தாள்.

"அடிப்பாவி! வாயில என்னா கொழுக்கட்டையா? புள்ளத்தாச்சிய வச்சிக்கினு —"

பாதியில் நிறுத்திவிட்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். "தாயே, தெரியாம பேசிட்டேன், கோச்சுக்காத."

என் உடம்பில் மாரியாத்தா இருக்கிறாளாம். திட்டக் கூடாதாம். அம்மா என்னைக் கும்பிடுகிறாள். நான் மதிம்மா, உன் பொண்ணு.

அப்பா உடனே அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். அக்கா இனி மாமியார் வீட்டில்தான்.

10 மார்ச்

வளைகாப்பு அங்கேயே நடந்தது. அம்மை வீட்டிலிருந்து போகக் கூடாது என்று அம்மா போகவில்லை. வேப்பிலையால் என் முதுகைத் தடவினாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. "இளநீ குடிக்கிறியா தாயே?" அவ்வளவுதான்.

12 மார்ச்

டாக்டர் சொன்னாராம்: அக்காவுக்குச் சின்ன வயதிலேயே லேசாக வந்து போயிருக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. குழந்தைக்கு பயமில்லை.

அக்கா போனில் அம்மாவிடம்தான் பேசினாள். என்னைப் பற்றிக் கேட்கவில்லை.

23 மார்ச், ஞாயிறு

மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். தலை துவட்டி, சோறு போட்டு, எதிரில் உட்கார்ந்தாள் அம்மா.

"ஆத்தா எறங்கிட்டா. இப்ப கேக்கறேன். ஏன்டி எருமை, ஒரு வார்த்தை சொன்னா என்னா?"

ஆரம்பித்தவள் நிறுத்தவேயில்லை. போனில் அக்காவும் சேர்ந்துகொண்டாள். "நல்லா கேளும்மா அவள! என் வளைகாப்புக்கு வராத கழுதைய!"

நான் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.