சிக்னலுக்கு முன்னால் போன கை

20 நவம்பர் '99, சனி

காலையிலிருந்து மழை. துறைமுகத்தில் மழையில் சர்க்கரை மூட்டை இறக்க மாட்டார்கள், அதனால் எனக்குச் சுமை தூக்கும் வின்ச் ஓட்டும் வேலை இல்லை. செய்ய வேண்டியவை: கேஸ் சிலிண்டர் பதிவு. பெண்டாட்டி ஸ்டெல்லாவின் செருப்பு தைக்க. நாளைக்கு ஏழுமலைக்கு வஞ்சிரம்.

பத்து மணிக்கு ஜெரால்டு வந்தான். கூடப் படித்தவன், கொடைக்கானலில் ஓட்டல் சமையல், லீவில் வந்திருக்கிறான். காசிமேட்டில் அவன் மாடி அறைக்குப் போனோம். பொட்டலத்தில் காய்ந்த போதைக் காளான்.

"ஆம்லெட்ல போட்டு துன்னு மாமு. வேற லோகம் தெரியும்."

பீர்கூடத் தொடாதவன் நான். சும்மா இருந்திருக்கலாம். தின்றேன்.

21 ஞாயிறு

மழை விட்டது. நேற்று மேலே எழுத முடியவில்லை. இன்னும் படபடப்பு. சர்ச்சில் பூசைக்குப் போகவில்லை. "காச்சலா?" என்றாள் ஸ்டெல்லா. ஆமாம் என்றேன்.

காளான் தின்றதும் முதலில் சுவர் உப்பி உப்பி அடங்கியது. சிரித்தோம். அப்புறம் டீ கிளாஸ். எடுக்கலாம் என்று நான் நினைப்பதற்குள் கை போய்விட்டது. நினைப்பு பின்னால்தான் வந்தது, தானே சொல்லி அனுப்பிய மாதிரி. கிளாஸைத் திரும்ப வைத்தேன். மறுபடி எடுத்தேன். பத்துப் பதினைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் கைதான் முதலில். தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாக உள்ளே உட்கார்ந்து என்னை ஓட்டுகிற ஆளைக் காணோம்!

ஜெரால்டிடம் சொன்னால், "அதான் மாமு மஜாவே" என்கிறான். மஜாவாம்.

யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன். வின்ச்சில் உட்கார்ந்தால் கப்பலின் அடியறை தெரியாது. மேல்தட்டில் நிற்கும் சிக்னல்காரரின் கைதான் நமக்குக் கண். உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால், இறக்கு. எனக்கு அவர் கை அத்துப்படி. முழுதாகக் காட்டுமுன்பே இறக்குவேன், அதில் பெருமை வேறு. இரண்டு வருஷம் முன்னால் ஒரு நாள் அவர் தலைத்துண்டைச் சரிசெய்யக் கையைத் தூக்கினார். அது சிக்னல் இல்லை. நான் சரக்கை இறக்கிவிட்டேன். கீழே அடியறையில் வேலை செய்துகொண்டிருந்தவன் ஏழுமலை. வலது கால் முழங்காலோடு போயிற்று.

விசாரணையில் சிக்னல் வந்தது என்றேன். பாவம், சிக்னல்காரரும் குழம்பிப் போய், கொடுத்திருப்பேன் என்றார். விபத்து என்று எழுதி முடித்தார்கள். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் வியாசர்பாடியில் அவன் வீட்டுக்கு மீன் கொண்டுபோகிறேன். ஏழுமலைக்கு நான் உயிர்த் தோஸ்து.

ஆனால் அன்றைக்கும் கைதானே முதலில் போனது? அப்படியானால் நான் செய்யவில்லை. இதை எழுதும்போதே நெஞ்சு லேசாகிறது. இன்றைக்கே அவனிடம் சொல்லிவிடப் போகிறேன்.

மாலை 5. சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கவே கூடாது.

ஃபேன் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தான். அதுதான் இப்போது அவன் பிழைப்பு. காளான், டீ கிளாஸ், தலைத்துண்டு, எல்லாம் சொன்னேன். "அது நான் இல்ல ஏழுமல. கை தானா பூட்ச்சு."

"சிக்னலு வர்லியா?"

"வர்ல."

கம்பி சுற்றுவதை நிறுத்தினான். அவன் பெண்டாட்டி உள்ளே மீன் கழுவும் சத்தம் கேட்டது. என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்.

"செரி. கால ஒட்ச்சது நீ இல்ல. ரெண்டு வர்சமா வாரா வாரம் மீன் எத்துகினு வந்தானே, அவன் யாரு? அதுவும் நீ இல்லியா?"

திட்டுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். இதை எதிர்பார்க்கவில்லை.

"பூடு சேவியரு. இன்மே வர்றதுன்னா நீ வா. கைய மட்டும் அனுப்பாத."

22 திங்கள்

வெயில். வேலைக்குப் போனேன். சிக்னல் முழுதாக வந்தும் கை நகரவில்லை. நான் சொல்லட்டும் என்று அது, அது போகட்டும் என்று நான். மூட்டைகள் அந்தரத்தில். கீழே ஆறு பேர். "இன்னா சேவியரு, தூங்கினுகீறியா?" என்று மேல்தட்டிலிருந்து கத்தல். இறங்கி லீவு எழுதிக் கொடுத்தேன்.

25 வியாழன்

கேஸ் வந்தது. செருப்பு இன்னும் தைக்கவில்லை. சாப்பிடவும் பிடிக்கவில்லை. "பேய் அட்ச்சா மாரி கீறியே, இன்னா ஆச்சு?" என்கிறாள் ஸ்டெல்லா. அவளிடம் எப்படிச் சொல்வது? இரண்டு வருஷமாக அவளுக்கும் நான் நல்லவன்.

28 ஞாயிறு

வஞ்சிரம் வாங்கிக்கொண்டு டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். நூறு ஞாயிறு போன கால், தானாக ஏறட்டும், பார்க்கலாம் என்று. வியாசர்பாடி பஸ் ஒன்று போயிற்று. இரண்டு. மூன்று. கால் அசையவில்லை. பையில் மீன் தண்ணீர் சொட்டுகிறது. நாலாவது பஸ் வந்தது. நான்தான் எழுந்து ஏறினேன்.