ஸ்நேகாவின் பிறந்தநாள் கேக்

கும்மிடிப்பூண்டி
14.09.2025, ஞாயிறு

அன்புள்ள மெர்சிக்கு,

எபினேசர் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் ஸ்நேகாவும் சுகமாக இருக்கிறோம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? தினமும் வீடியோவில் பேசுகிறவன் எதற்குக் காகிதத்தை எடுத்தான் என்று நினைப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பொய்தான் வருகிறது. அதனால் எழுதி, லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பும் வேப்பம்பட்டு கல்பனாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். வார்டில் வைத்துப் பிரிக்காதே. ரூமுக்குப் போய்ப் படி.

இங்கே நான்கு நாளாக நல்ல மழை. சர்ச்சுக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள். ஸ்நேகாவுக்குக் காலாண்டுப் பரீட்சை நெருங்குகிறது. உன் சுடிதார் அவளுக்கு இப்போது அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

மார்ச்சில் கம்பெனி டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். நூற்றெட்டு கிலோ உடம்பும் இந்த பிரஷரும் வைத்துக்கொண்டு கிரேன் ஏணியில் ஏறக் கூடாது, ஆறு மாதத்தில் குறைக்காவிட்டால் கீழே இறக்கிவிடுவோம் என்றார். நீ சொன்னபடி காலையில் வெள்ளரிக்காய், மதியம் ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கஞ்சி என்று இருந்தேன். மே மாதத்துக்குள் ஆறு கிலோ குறைந்தது. எடை மெஷின் போட்டோவை வார்டில் எல்லோருக்கும் காட்டியதாகச் சொன்னாய். அதற்குப் பிறகு நான் அனுப்பிய போட்டோக்கள் எல்லாம் எடை குறைவாகக் காட்ட ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு எடுத்தவை. மன்னித்துக்கொள்.

நடந்ததைச் சொல்கிறேன். முதல் ஷிப்டு முடிந்து வீடு சேர மூன்று மணியாகும். ஸ்நேகா வர ஐந்தாகும். மில்லில் கிரேன் கேபினில் உட்கார்ந்திருக்கும்போது கீழே பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பிகள் ஓடும், அனலில் எல்லாமே தண்ணீருக்குள் தெரிவது போல ஆடும் என்று உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு வந்தும் அந்த ஆட்டம் நிற்பதில்லை. பிரிட்ஜைத் திறந்தது நினைவிருக்கும். பழைய சோறு, தயிர், ஸ்நேகாவின் பிஸ்கட், நீ அனுப்பிய பால் பவுடர் ஸ்பூன் ஸ்பூனாக, பேரீச்சம்பழம், மறுபடியும் சோறு. ருசி தெரியாது. கை தானாகப் போய்த் தானாக வரும், மேலே கேபினில் உட்கார்ந்து யாரோ இயக்குவது போல. சத்தமே இல்லாத, வெள்ளையான ஒரு இடம் அது மெர்சி. அங்கே ஏணி இல்லை, குவைத் இல்லை. கொஞ்ச நேரம் சுகமாகக்கூட இருக்கும்.

பிறகு ஸ்டேஷன் பக்கம் எலெக்ட்ரிக் டிரெயின் ஹாரன் அடிக்கும். பார்த்தால் பாத்திரங்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருப்பேன். மூச்சு விட முடியாது. வயிற்று வலியைவிட வெட்கம் பெரிது. கவர்களைப் பைக்குள் திணித்து, மெயின் ரோட்டுத் தொட்டியில் போட்டுவிட்டு வருவேன். அதை ஈடுகட்ட மறுநாள் பச்சைத் தண்ணீரில் ஓட்டுவேன். மூன்று மணிக்கு மறுபடியும் பிரிட்ஜ்.

ஆகஸ்ட் இருபத்திரண்டு, ஸ்நேகாவின் பிறந்தநாள். வரும் வழியில் அவள் பெயர் எழுதிய கேக் வாங்கி வந்தேன். சாயங்காலம் வெட்டலாம் என்றுதான். பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த கிரீமை விரலால் வழித்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மறுபடி பார்த்தபோது பெட்டியில் 'கா' மட்டும் மீதி இருந்தது. வாசலில் அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

அவள் அழவில்லை. பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். "பசிச்சிதுன்னா சொல்லிருக்கலாம்ல நைனா, நானே கட் பண்ணிக் குடுத்திருப்பனே" என்றாள். "பசி இல்லம்மா. இன்னான்னே தெரியல. ஆரம்பிச்சா நிறுத்த முடியல" என்றேன். வாய் விட்டு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் என் கையிலிருந்த கிரீமைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குத் தெரியும் நைனா. பிஸ்கட் டப்பா காலியாவுறத நான் பாத்துகினுதான் இருக்கேன். அம்மாகிட்ட சொன்னா நீ பேஜாராயிடுவன்னு சொல்லல." கொஞ்ச நேரம் கழித்து, ஸ்கூலில் அவளும் மதியம் சாப்பிடுவதில்லை என்றாள். சோற்றைப் பக்கத்தில் உட்காரும் மோனிகாவுக்குக் கொடுத்துவிடுகிறாளாம். "உன்ன மாதிரியே ஆயிடுவனோன்னு பயமா இருக்கு நைனா."

என்னைப் பற்றியதாக மட்டும் இருந்திருந்தால் இன்னும் பத்து வருஷம் மறைத்திருப்பேன். இது அவளைப் பற்றியதாகிவிட்டது. அடுத்த வாரமே லீவு போட்டு, இரண்டு பேரும் திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனநலப் பிரிவு என்ற போர்டைப் பார்த்ததும் என் கால் நின்றது. ஸ்நேகாதான் சட்டையைப் பிடித்து இழுத்துப் போனாள். சின்ன வயசு டாக்டரம்மா. அரை மணி நேரம் கேட்டார். நான் வெள்ளரிக்காய் கதையைப் பெருமையாகச் சொன்னேன். "இப்படிப் பட்டினி கெடந்தா, மூணு மணிக்கு ஒடம்பு உங்களக் கேக்காமலே எடுத்துக்கும் சார். இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. இது நோய். சரி பண்ணலாம்" என்றார். மூன்று வேளையும் சாப்பிட வேண்டும், தினமும் எடை பார்க்கக் கூடாது, அந்த நேரத்தில் வீட்டில் தனியாக இருக்கக் கூடாது என்றார். ஸ்நேகாவிடமும் தனியாகப் பேசினார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்.

எப்போது ஆரம்பித்தது என்று டாக்டரம்மா கேட்டபோது மே மாதம் என்று சொல்லிவிட்டேன். திரும்பும்போது பெரியபாளையம் ரோட்டில் பஸ் மெதுவாகப் போனது. மழைத் தண்ணீர் நின்ற வயல்களில் வானம் கிடந்தது. தூங்கினேனா விழித்திருந்தேனா தெரியவில்லை, என் தோளில் நீ சாய்ந்திருந்தாய். அப்போதுதான் நினைவு வந்தது. போன வருஷம் உன்னை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்த அன்று, இரண்டு நாளைக்கு என்று நீ சமைத்து வைத்ததை எல்லாம் நின்றபடியே தின்று தீர்த்தேன். கெட்டுப்போகக் கூடாது என்று தின்கிறேன் என்றுதான் அன்று நினைத்தேன்.

இப்போது மில்லிலிருந்து நேராக ஸ்கூல் கேட்டுக்குப் போய்க் காத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அவள் டிபன் பாக்ஸ் காலியாகத்தான் வருகிறது, அவளேதான் சாப்பிடுகிறாள் என்று மோனிகாவும் சாட்சி சொல்கிறாள். எனக்கு முழுதாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டு தடவை தவறிவிட்டேன், போன செவ்வாய்க்கிழமை உட்பட. ஆனால் அன்றைக்கே ஸ்நேகாவிடம் சொன்னேன், மறுநாள் பட்டினி கிடக்கவில்லை. கிரேன் விஷயம், அவர்கள் இறக்குவதற்கு முன் நானே மேனேஜரிடம் சொல்லி, கீழே கம்பி அடுக்கும் யார்டுக்கு மாறிக்கொண்டேன். தலைக்கு மேலே கிரேன் போகும்போது மட்டும் என்னை அறியாமல் நிமிர்ந்து பார்க்கிறேன்.

அங்கே இன்னும் இரண்டு வருஷக் கான்ட்ராக்டுக்குக் கையெழுத்துப் போடட்டுமா என்று போன வாரம் கேட்டாய். உன் இஷ்டம் என்றேன். உன் முகத்தைப் பார்த்துச் சொன்னதுதான் அதுவும். நீ எது செய்தாலும் யோசித்துத்தான் செய்வாய். கையெழுத்துக்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர வேண்டும், அது போதும்.

உன் போக்கும் வரவும் பத்திரமாக இருக்க நானும் ஸ்நேகாவும் தினமும் ஜெபிக்கிறோம். வரவுக்குத்தான் கொஞ்சம் அதிகமாக.

என்றும் உன்,
எபினேசர்