துடைத்த கார்டு

2008 ஜூன் 8, ஞாயிறு

நாள் முழுக்க மழை. கடைக்கு வந்தது மூன்று பேர். இரண்டு பேர் சார்ஜர் கேட்டு வந்தவர்கள். மூன்றாவது ஆள் எல்கடுவயிலிருந்து பஸ்ஸில் வந்த தேயிலைத் தோட்டத்து அம்மா, பெயர் வேலம்மா. சேலைத் தலைப்பில் சுற்றி ஒரு சின்னக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்திருந்தார். உள்ளங்கையில் அடங்கும், குச்சியால் தொட்டு எழுதுகிற பழைய மாதிரி. இந்த ஊரில் இதற்கு முன் ஒன்றே ஒன்றுதான் பார்த்திருக்கிறேன்.

மகன் முத்துவீரனுடையது. தண்ணீர்த் திட்டம் ஒன்றில் வேலை செய்தவன். நாவுலப் பக்கத்துக் கிணறுகளை அளந்து இதில் பதிவு செய்வான். திட்டம் முடிந்தபோது மெஷினை அவனுக்கே கொடுத்துவிட்டார்கள். மார்ச்சில் கொழும்பில் பிடிபட்டு, இப்போது தடுப்பு முகாமில். பெப்ரவரி 12 அன்று கொழும்பில் புலிகள் இயக்கத்தார் கூடிய ஏதோ ஒரு வீட்டில் இருந்தான் என்பது அவன் மேல் உள்ள குற்றம். அன்றைக்கு நாவுலயில் பதினான்கு கிணறு அளந்தேன் என்கிறான் அவன். ஒவ்வொரு பதிவின் கீழும் மெஷின் தானாக நேரம் போடும். செப்டெம்பரில் வழக்கு.

"லோயர் ஐயா சொன்னாரு நானா, இதுக்குள்ள இருக்கறத கடதாசில எடுத்துக் குடுத்தா போதுமாம். எம் மவன் உசுரே இதுலதாங்க இருக்கு." முஸ்லிம் கடைக்காரன் யாராக இருந்தாலும் தோட்டத்து ஆட்களுக்கு 'நானா'தான்.

திரை வருகிறது, பெயர் காட்டுகிறது, அப்படியே உறைந்து நிற்கிறது. "ஒரு கிழமை விடுங்கம்மா, சரி பண்ணிடலாம்" என்று பெரிய டொக்டர் மாதிரிச் சொன்னேன். உள்ளே இருந்த மெமரி கார்டைக் கழற்றி, துண்டுக் கடதாசியில் பெயர் எழுதிச் சுற்றி, ட்ராயரில் மற்றக் கார்டுகளோடு போட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் மேல் தெருவில் கடை கடையாகப் பொலிஸ் சோதனை. ஒரு போன் கடைக்காரனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம்; யாரோ திருத்தக் கொடுத்த போனில் இருந்த இயக்கப் பாட்டுக்காக. கேட்டதும் கடைக் கதவைப் பாதி இழுத்துச் சாத்தினேன். ட்ராயரில் இருந்த கார்டு எல்லாவற்றையும், யாருடையது என்றுகூடப் பார்க்காமல், ஒன்று விடாமல் துடைத்தேன். இரண்டு வருஷமாக இது எனக்குப் பழகிப்போன வேலை. கொழும்புக்குப் போகிறவர்களே வந்து "நானா, தமிழ்ல உள்ளதெல்லாம் எடுத்து விடுங்க" என்று கேட்பார்கள். வெறும் கார்டைப் பார்த்தாலும் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று சந்தேகம் வரும். அதனால் துடைத்த பிறகு நிரம்பும் வரை, சிங்களக்காரர் ஆடுகிற பைலாப் பாட்டு ஏற்றிவிடுவேன்.

பகல் என் கடைக்கும் வந்தார்கள். இரண்டு கார்டைப் போட்டுக் கேட்டார்கள். ஒருவன் தலையை ஆட்டி ரசித்தான். போய்விட்டார்கள்.

வீட்டில் என் மனைவி நூருன்னிஸா இரண்டு ரக்அத் தொழுதாள். எனக்கு என் புத்தியை நினைத்துப் பெருமையாக இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

என் கம்ப்யூட்டர் அந்த மெஷினை அடையாளமே காணவில்லை. கேபிள் மாற்றினேன், பெட்டரியைக் கழற்றி மாட்டினேன். இன்டர்நெட்டில் தேடியதில், அடிப்படை சொஃப்ட்வெயாரைப் புதிதாக ஏற்றினால் உறைந்து நிற்பது தீரும் என்று நாலு பேர் எழுதியிருக்கிறார்கள். நாளைக்குச் செய்ய வேண்டும்.

ஜூன் 14, சனி

அப்டேட் தொடங்கும் முன்பே எச்சரிக்கை வந்தது: உள்ளே இருப்பது எல்லாம் அழியும், தொடரவா? ஆம் என்று அழுத்தினேன். ஏன் அழுத்தினேன்? பையன் ஒழுங்கானவன், மெஷினின் முதுகில் பொடி எழுத்தில் லேபல் ஒட்டி வைத்திருக்கிறான். இப்படிப்பட்டவன் கார்டில் இன்னொரு பிரதி வைக்காமலா இருப்பான்? கார்டு ட்ராயரில் பத்திரமாக இருக்கிறது, பிறகு பார்க்கலாம். அப்படித்தான் நினைத்தேன்.

அப்டேட் நூற்றுக்கு நாற்பத்து மூன்று வீதத்தில் இருக்கும்போது கரண்ட் போனது. யூபிஎஸ் பெட்டரி செத்து ஆறு மாதம். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

திரை இப்போது வெறும் வெள்ளை.

ஜூன் 15, ஞாயிறு

வேலம்மா வந்தார், ஒரு பை பலாக்கொட்டையோடு. "பார்ட் ஒண்ணு வரணும்மா" என்றேன். பொய். வாங்கிய பலாக்கொட்டையை வீட்டுக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை.

ஜூன் 25, புதன்

இரண்டு பொத்தானை ஒன்றாக அழுத்திப் பிடித்து, பின்பக்கத் துளையில் ஊசியால் குத்தினால் மெஷின் வேறொரு நிலையில் விழிக்கும் என்று படித்தேன். பதினைந்து இருபது தரம் குத்திய பிறகு திரையின் அடியில் ஒரு சொல் வந்தது. கேபிளைச் செருகியதும் அந்தச் சொல் மாறியது. உயிர் இருக்கிறது! தனியாகச் சிரித்தேன். பக்கத்துக் கடை பதுர்தீன் எட்டிப் பார்த்து, "என்னா நானா, ஹஜ் கோட்டாவுல பேரு விழுந்திச்சா?" என்றான்.

ஜூலை 3, வியாழன்

ஏற்ற விட மாட்டேன் என்கிறது. மெஷினின் நாட்டுக் குறியீடு பொருந்தவில்லையாம். இது ஐரோப்பாவில் விற்ற மெஷின், நான் எடுத்தது ஆசியாவுக்கான ஃபைல். இந்த மெஷினுக்குமா நாட்டுப் பிரச்சினை! சரியான ஃபைல் ஒரு ஜெர்மன்காரனின் தளத்தில் இருக்கிறது. என் லைனில் இறங்க இரண்டு நாள் பிடிக்கும். பாதியில் அறுந்தால் முதலில் இருந்து.

ஜூலை 6, ஞாயிறு

வந்தார். பார்ட் வரவில்லை என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

வந்தார். நான் உள்ளே போய் ஒளிந்துகொண்டு பதுர்தீனை விட்டுச் சொல்லச் சொன்னேன். நாற்பத்தாறு வயது எனக்கு.

ஜூலை 19, சனி

ஏறிவிட்டது. நூறு வீதம். மெஷின் எழுந்து, திரையில் சிலுவைக் குறியைக் குச்சியால் தொடச் சொன்னது. தொட்டேன். 2003 ஜனவரி 1 என்று திகதி காட்டியது. உள்ளே ஒன்றும் இல்லை, அது தெரிந்ததுதான். ட்ராயரைத் திறந்து, வேலம்மா என்று என் கையெழுத்தில் இருந்த கடதாசியைப் பிரித்து, கார்டைச் செருகினேன்.

பைலா. அறுபத்திரண்டு பாட்டு.

அப்போதுதான் ஜூன் 10 ஞாபகம் வந்தது. ஒன்று விடாமல் துடைத்தேன் என்று இதே கொப்பியில் நானே எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பெருமையாக இருந்தது என்றும் எழுதியிருக்கிறேன்.

யா அல்லாஹ். என்ன வேலை பாத்துட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

அழிந்ததை மீட்கிற புரோகிராம் மூன்று போட்டுப் பார்த்தேன். வெறுமனே அழித்திருந்தால் கிடைத்திருக்கும். மேலே பாட்டை ஏற்றி நிரப்பியதால் அடியில் எதுவும் மிஞ்சவில்லை. ஒரு சின்ன இடத்தைக்கூட நான் விட்டு வைக்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வேலம்மா வந்தார். நான்தான் முன்னால் நின்றேன். சொல்லத்தான் நினைத்தேன். "மெஷின் எந்திரிச்சிருச்சும்மா" என்று மட்டும் வாயில் வந்தது. அது உண்மைதானே? திரையில் வெளிச்சத்தைப் பார்த்ததும் அந்த அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கடதாசியில் எடுக்க இன்னும் நாள் வேண்டும் என்றேன்.

என்னைப் போல ஒரு ஈனப் பிறவி உண்டா?

செப்டெம்பர் 5, வெள்ளி

நோன்பு தொடங்கிவிட்டது. நூருன்னிஸாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கஞ்சியைக் கிண்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில், "நோம்பு புடிச்ச வாயால அந்த மனிசிக்கி இன்னொரு பொய் சொன்னா, பட்டினி கிடந்தது மட்டும்தான் மிச்சம்" என்றாள். அப்புறம் மெதுவாக, "ஆனா கோட்ல போய் எழுதிக் குடுக்கிறது மட்டும் வாணாம். ஏன் அழிச்சேன்னு உங்களப் புடிப்பானுகள். வூட்டுல மூணு புள்ளைகள் ஈக்கி" என்றாள்.

செப்டெம்பர் 7, ஞாயிறு

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று இருந்தேன். நான் வாய் திறக்கும் முன் வேலம்மா சட்டைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். மகனிடமிருந்து வந்தது. தமிழில் எழுதினால் வெளியே விட மாட்டார்களாம். கூட இருந்த ஒருவனைக் கொண்டு சிங்களத்தில் எழுதியிருக்கிறான். தோட்டத்து லய வீடுகளில் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஆள் இல்லை. "படிச்சுச் சொல்லுங்க நானா. நல்லா இருக்கேன்னு எழுதியிருக்கானா?"

மேலே ஜூன் 2 என்று திகதி. மூன்று மாதம் கழித்துக் கையில் கிடைத்திருக்கிறது.

வாசித்தேன். உடம்பு சுகம். கால் வீக்கம் வற்றிவிட்டது. தங்கச்சியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த வேண்டாம். அடுத்த வரி: அந்த மெஷினைத் திருத்த யாரிடமும் கொடுக்க வேண்டாம், அது செத்தாலும் பரவாயில்லை, எல்லாவற்றையும் கார்டில் ஏற்றி வைத்திருக்கிறேன், கார்டை மட்டும் லோயரிடம் கொடுங்கள்.

அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கலாம். அந்த அம்மாவுக்குத் தெரியவா போகிறது? ஒரு நிமிஷம் கண்ணைக் கீழ் வரிக்கு ஓட்டியும் விட்டேன். பிறகு திரும்பி வந்து வாசித்தேன்.

வேலம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப ஒண்ணும் கெட்டுப் போகலீங்களே நானா! கார்டு ஒங்ககிட்டதானே பத்திரமா இருக்கு?"

சொன்னேன். சோதனை, துடைத்தது, பைலா, எல்லாம்.

வேலம்மா மெஷினை எடுத்துத் திரையைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு, "நீங்க பயந்துட்டீங்க. எங்களுக்குந்தான் பயம். அது புரியுது நானா" என்றார். கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்தார். "ஆனா நா அவங்கிட்ட போயி என்னான்னு சொல்லுவேன்? நீங்களே வந்து சொல்லுங்க."

செப்டெம்பர் 12, வெள்ளி

முத்துவீரனின் சட்டத்தரணி மாணிக்கவாசகத்திடம் போய்ச் சத்தியக் கடதாசியில் கையெழுத்துப் போட்டேன். கார்டு இருந்தது, அழித்தது நான், காரணம் பயம். "இதுல பெரிய பிரயோசனம் இல்ல. ஒங்களுக்குத்தான் கரைச்சல் வரும்" என்றார். கஞ்சிக் கோப்பையை என் முன் வைத்துவிட்டு, நூருன்னிஸா பிள்ளைகளோடு தனியாகப் போய் நோன்பு திறந்தாள்.

செப்டெம்பர் 18, வியாழன்

வழக்கு பெப்ரவரிக்குத் தள்ளிப்போனது. என் கடதாசியை யாரும் வாசிக்கவில்லை.

ஒக்டோபர் 27, திங்கள்

தீபாவளி. கடை திறக்கவில்லை. மறந்துபோகும் முன் எழுத வேண்டும்.

நேற்று வேலம்மாவோடு முகாமுக்குப் போனேன். பார்க்க வருகிறவர்கள் காவல்காரனுக்கு விளங்கும்படி சிங்களத்தில்தான் பேச வேண்டும். அதனால் மொழிபெயர்க்கிற ஆள் என்று என்னையும் உள்ளே விட்டார்கள். பேனா, கடதாசி, போன் எல்லாம் வாசலில் வாங்கிக்கொண்டார்கள். வேலம்மா சுட்டுக் கொண்டுவந்த முறுக்கையும் விடவில்லை. கம்பி வலைக்கு அந்தப்புறம் முத்துவீரன். இருபத்தைந்து வயது இருக்கும், கழுத்து ஒட்டிப்போயிருந்தது. அம்மாவும் மகனும் ஒரு வார்த்தை தமிழில் பேச முடியாமல் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

சொன்னேன். என் பெயர் இத்ரூஸ், உன் கார்டை அழித்தது நான்தான், அப்டேட் நடுவில் கரண்ட் போய் மெஷினில் இருந்ததும் போய்விட்டது என்று, சிங்களத்தில்; அவனுக்கு எழுதத்தான் தெரியாது, பேசத் தெரியும்.

கண்ணை மூடிக்கொண்டான். திறந்ததும் முதலில் கேட்டது, "எத்தனை வீதத்தில் கரண்ட் போனது?" நாற்பத்து மூன்று என்றேன். கார்டில் என்ன ஏற்றினாய் என்று கேட்டான். பைலா என்றேன். காவல்காரன் சிரித்துவிட்டான். முத்துவீரனும் கொஞ்சம் சிரித்தான், பிறகு உதடு கோணிப்போய் அழுதான். என்னை ஏசியிருக்கலாம். ஏசவில்லை.

"பத்து நிமிஷம்தான் தருவார்கள், கவனமாகக் கேளுங்கள்" என்றான். "முதல் கிணறு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால். காலை ஏழு ஐம்பது. இருபத்திரண்டு அடி." அடுத்தது, அடுத்தது. எல்லாம் தலைக்குள் வைத்திருந்தான். ஒன்பதாவதில் காவல்காரன் சிரிப்பை நிறுத்திவிட்டு, இது என்ன நம்பர், என்ன சங்கேதம் என்று நடுவில் வந்து நின்றான். கிணறு என்றேன். போதும், போ என்றான்.

பஸ்ஸில் ஒன்பதையும் வேலம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். "பகலு கொழுந்து எடையையும் அந்தி எடையையும் சம்பளச் செக்ரோலு போடற வரைக்கும் மனசுல வச்சிருக்கறவ நானு. சொல்லுங்க" என்றார். கண்டியில் இறங்கும்போது எனக்கு ஏழாவது மறந்துவிட்டது. "பத்தொம்பதர அடி, பன்னெண்டு அஞ்சு, புளிய மரத்தடி" என்றார்.

ஒன்பதையும் அடுத்த பக்கத்தில் எழுதிவிட்டேன். மனப்பாடம் கோர்ட்டில் செல்லாது என்று சட்டத்தரணி சொல்வார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அளவு நாடாவோடு நாவுலவுக்குப் போகிறேன். கிணற்றுக்காரர் யாராவது ஒருவருக்கு அவன் முகம் ஞாபகம் இருக்காதா? சாட்சியாகப் பெயர் எழுதித் தருவார்களா தெரியாது.

பத்திலிருந்து பதினான்கு வரை இடம் விட்டிருக்கிறேன். அடுத்த அனுமதி டிசம்பரில். அதற்குள் அவனை வேறு இடத்துக்கு மாற்றப் போகிறார்கள் என்று வாசலில் ஒருவன் சொன்னான். எங்கே என்று சொல்லவில்லை.