ஒட்டகச்சிவிங்கியின் நாக்கு

அன்புத் தம்பி ராசா,

வரிசைப்படுத்தாமல் எழுத எனக்குக் கை ஓடாது என்பது உனக்குத் தெரியும். ஆகவே முதலில் சொல்லவந்தவை இவை:

1. நீ போன நாட்களில் நான் எங்கே இருந்தேன்.
2. அங்கே எதைப் பார்த்தேன்.
3. அந்தப் பயணத்தால் ஒருவருக்கும் ஒரு பயனும் இல்லை.
4. உன் மலரும் சின்னவளும் இப்போது எப்படி இருக்கிறார்கள்.

லுசாக்காவில் இருந்தேன். மகள் சுகந்தி அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். நான் இந்தக் குளிர் நாட்டில், ஹேர்னிங்கில் தனியே, சாப்பிடாமல், யுத்தச் செய்திகளையே பார்த்துக்கொண்டு கிடக்கிறேன் என்று அறிந்து பயணச்சீட்டு அனுப்பினாள். போவதா என்று உன்னைத்தான் கேட்டேன். நாம் கடைசியாகக் கதைத்தது அதுதான். அங்கே நீ வரிசையில் நின்று எடுத்த தொலைபேசி. பின்னால் வெடிச் சத்தம். நீ சிரித்தாய்.

“போங்கோ அண்ணை. பயப்படாமல் ஒட்டகச்சிவிங்கியைப் பாத்திட்டு வாங்கோ. இஞ்ச பாக்க ஒண்டுமில்லை.”

அது கேலியா, கோபமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுகந்தி என்னை நகரத்துக்கு வெளியே ஒரு சின்ன விலங்குப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். எதைப் பார்த்தேன் என்று கேட்டால், வேலியைத்தான் பார்த்தேன். எங்கள் வண்டியைக் கண்டு விலகிய வரிக்குதிரைகள், ஒரு பக்கம் கம்பியும் மறுபக்கம் குளமுமான மூலையில் போய் நெருக்கியடித்து நின்றன. அதற்கப்பால் போக இடமில்லை. படம் எடுக்க நல்ல இடம் என்று சாரதி இன்னும் கிட்டக் கொண்டுபோனார். நிறுத்தச் சொல்லும்படி சுகந்தியிடம் கெஞ்சினேன். அதன் பிறகு நான் தலை நிமிரவில்லை. கையிலிருந்த தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா, ஒட்டகச்சிவிங்கி. ஒருக்கா பாருங்கோ.”

“நீ பார் பிள்ளை,” என்றேன்.

நாங்கள் சுகந்தியின் வீட்டுக்குத் திரும்பியபோது, யுத்தம் முடிந்துவிட்டது என்று செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அந்த முடிவுக்குள் நீயும் அடக்கமா என்று அறியப் பல வாரங்கள் சென்றன. அதற்குள் நான் ஹேர்னிங் வந்துவிட்டேன்.

மூன்றாவதைப் பற்றி விரித்து எழுத என்ன இருக்கிறது? தம்பி பதுங்குகுழியில் இருக்க, அண்ணன் மிருகம் பார்க்கப் போனான். அவ்வளவுதான்.

நான்காவது. சென்ற கிழமை மலர் முகாமிலிருந்து யாரோ ஒருவரின் தொலைபேசியில் கதைத்தாள். இங்கே இரவாகியும் வெளிச்சம் போகாத மாதம். திரைச்சீலையை இழுத்துவிட்டு இருந்து கேட்டேன். உன்னோடு மகனும் அதே குழியில் போனதைச் சொன்னாள். அழவில்லை. பிறகு, நான் கேட்காமலே, இதைச் சொன்னாள்:

“அத்தான், அவர் கடைசிவரைக்கும் உங்கடை கதைதான். ஷெல் விழேக்க பிள்ளையள் கத்தாமல் இருக்க, ‘பெரியப்பா இப்ப ஒட்டகச்சிவிங்கிக்குக் கிட்டப் போறார், அது நாக்கை நீட்டி அவரின்ரை கண்ணாடியைப் பறிக்குது, பயந்தாங்கொள்ளி ஓடுறார்’ எண்டு சொல்லுவார். மோன் கடைசியாச் சிரிச்சதும் அதுக்குத்தான்.”

பிறகு சின்னவளிடம் கொடுத்தாள். அவள் இப்போது அதிகம் கதைப்பதில்லையாம். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“பெரியப்பா, அதின்ரை நாக்குக் கறுப்போ?”

வடிவாகப் பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். நூலகத்துக்குப் போய் ஒரு படத்தைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஆனால் பெரியப்பா நேரில் பார்த்தார் என்றல்லவா நீ சொல்லியிருக்கிறாய்?

நான் திரும்பவும் லுசாக்கா போகிறேன். அதே வேலிக்குள் போவேன். அது வரும்வரை தலை நிமிர்ந்து இருப்பேன். கண்ணாடியைப் பறித்தால் பறிக்கட்டும். பார்த்ததை அவளுக்குச் சொல்வேன். ஓடினேனா இல்லையா என்பதையும் சொல்வேன்.

மேலே மூன்றாவதாக எழுதியது பிழை.

உன் பயந்தாங்கொள்ளி
அண்ணை